கடலுக்குப் பழகுங்கள், பொய்க் கையெழுத்துக்குப் பழகாதீர்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 35. பட்டர்வொர்த், பாகான் டாலாமில் வீடு. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தேன். எலெக்ட்ரிகல் டிப்ளோமா கையில் இருந்தது. வருமானம் கூடும், உலகமும் பார்க்கலாம் என்று நம்பிக் கோர்ஸ் முடித்து, ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கப்பலில் பயிற்சி இடிஓவாக, அதாவது கப்பலின் மின்சார வேலைகளைப் பார்க்கிற அதிகாரியாகப் பயிற்சி பெற, ஏறினேன். ஆறு மாதக் காண்ட்ராக்ட். இது ஏழாவது வாரம். முதல் வாரம் முழுக்க வாந்தி. அது நின்றுவிட்டது, ஆனால் தூக்கம் போய்விட்டது. என்னைவிட எட்டு வயது இளையவரான செகண்ட் எஞ்சினியர் எல்லார் முன்னாலும் கத்துகிறார். தமிழ் பேச ஓர் ஆள் இல்லை. நாலு வயது மகள் வீடியோ காலில் என் முகத்தைப் பார்க்காமல் ஓடிவிடுகிறாள். எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தோம் என்று காட்டும் ஓய்வு நேர அட்டையில் எல்லாரும் போடுவதுபோல் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். சில ராத்திரி, எதற்காக இதெல்லாம் என்று இருக்கிறது. பழைய மேலாளர் மார்ச் கடைசி வரை எனக்காக இடம் வைத்திருப்பதாகச் சொல்கிறார். இறங்கி வந்துவிடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற கப்பல் சீஃப் எஞ்சினியர், ஜார்ஜ்டவுன்):

தம்பி, கேட்ட கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம். உங்கள் காண்ட்ராக்ட் பிப்ரவரி கடைசியில் முடிகிறது. மேலாளர் மார்ச் கடைசி வரை இடம் வைத்திருக்கிறார். நடுவில் முழுசாக ஒரு மாதம் இருக்கிறது. அந்த ஒரு மாதம் நீங்கள் பாகான் டாலாமில், உங்கள் மனைவியோடு, சொந்தக் கட்டிலில் தூங்கி எழுந்துகொண்டிருப்பீர்கள். முடிவெடுக்க வேண்டிய இடம் அது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆடுகிற கேபினில் படுத்துக்கொண்டு எடுக்கிற எந்த முடிவையும் நான் நம்பமாட்டேன்.

ஆனால் பிப்ரவரி வரை காத்திருக்க முடியாத ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. செகண்டைப் பற்றியும் மகளைப் பற்றியும் மனம் விட்டு எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு நேர அட்டையை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கப்பலுக்குப் புதிதாக வருகிறவன் பலவற்றுக்குப் பழகியாக வேண்டும். இதற்கு மட்டும் பழகவே கூடாது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் உங்களுக்குக் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். எந்த 7 நாளை எடுத்தாலும் 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். ஓர் ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவில் 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, நம் ஆட்கள் எம்எல்சி என்று சொல்வது, இதைச் சொல்கிறது. மலேசியா அதை 2013இல் ஏற்றுக்கொண்டது. உங்கள் கப்பலில் பறப்பது வேறு நாட்டுக் கொடி என்றாலும், இந்த உடன்படிக்கையை ஏற்ற நாட்டின் துறைமுகத்துக்குள் நுழைந்தால் அந்த நாட்டு ஆய்வாளர் ஏறி வந்து அட்டையைக் கேட்கலாம்.

நள்ளிரவில் ஜெனரேட்டர் நின்றுபோனால் ஓய்வு அட்டவணையைக் காட்டிக்கொண்டு யாரும் படுத்திருக்க முடியாதுதான். கப்பலுக்கோ ஆளுக்கோ சரக்குக்கோ உடனடி ஆபத்து என்றால் கேப்டன் யாரை வேண்டுமானாலும் எழுப்பலாம். அதையும் இதே சட்டம்தான் அனுமதிக்கிறது. ஆனால் நிலைமை சீரானதும், ஓய்வு நேரத்தில் வேலை செய்தவருக்குப் போதுமான ஓய்வு கொடுக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். உங்கள் கப்பலில் நடப்பது இதுவல்ல என்று நினைக்கிறேன். உழைத்த நேரம் ஒன்று, அட்டையில் இருக்கும் நேரம் வேறொன்று. அப்படித்தானே?

உங்கள் வேலை மின்சாரம். 440 வோல்ட் ஸ்விட்ச்போர்டைத் திறந்து கை வைக்கிற ஆள் நீங்கள். அரைத்தூக்கத்தில் ஒரு பிரேக்கரை மாற்றி அணைத்தால், மின்சாரத்தை அணைத்து ஸ்விட்சுக்குப் பூட்டுப் போடாமல் ஒரு மோட்டாரைத் திறந்தால், என்ன நடக்கும் என்பதைத் தொழிற்சாலையில் 11 வருடம் இருந்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி ஏதாவது நடந்து விசாரணை வந்தால் முதலில் மேசைக்கு வருவது அந்த அட்டை. 'நன்றாக ஓய்வெடுத்தேன்' என்று உங்கள் கையெழுத்தே சாட்சி சொல்லும். இழப்பீடு கேட்க வேண்டிய நிலை வந்தாலும் அதுவே குறுக்கே நிற்கும்.

பயிற்சியாளன் வாயைத் திறந்தால் ரிப்போர்ட் கெட்டுப்போகுமே என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். இன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வேலை தொடங்கினது, எப்போது முடிந்தது, நடுவில் யார் எதற்கு எழுப்பினார்கள். பத்து நாள் எழுதிய பிறகு, சீஃப் எஞ்சினியர் ஓய்வாக இருக்கிற நேரம் பார்த்து, தனியாகப் போய்க் கேளுங்கள்: "சீஃப், என் நேரமும் அட்டையில் இருக்கிற நேரமும் ஒத்துப்போகவில்லை. நான் எப்படி எழுத வேண்டும்?" புகார் சொல்லவில்லை, வேலை கற்கிறவன் சந்தேகம் கேட்கிறான். நல்ல சீஃபுக்கு அது போதும், வேலையை மாற்றிப் பிரித்துவிடுவார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். கீழே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால் சீஃபுக்குத் தெரிய வழியில்லை.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லையென்றால் கேப்டன். அங்கேயும் நடக்கவில்லையென்றால், கப்பலின் அறிவிப்புப் பலகையில் கரையிலுள்ள பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் தொடர்பு எண்ணும் ஒட்டியிருக்கும், டிபிஏ என்பார்கள். கப்பலில் இருக்கிற யாரும் நேரடியாக அவரிடம் பேசலாம், அதற்காகவே அவரை நியமித்திருக்கிறார்கள். புகார் சொன்னதற்காக ஒருவரைப் பழிவாங்குவதையும் எம்எல்சி தடைசெய்கிறது. புகார் செய்யும் முறை எழுதிய தாள் ஒன்று, வேலை ஒப்பந்தத்தோடு உங்களுக்குத் தந்திருக்க வேண்டும். எடுத்துப் படியுங்கள்.

கிடைக்கிற ஓய்விலாவது தூக்கம் வர வேண்டுமே. ஷிப்ட் மாறி மாறி வேலை பார்த்த உடம்பு உங்களுடையது, பகலில் தூங்கத் தெரியும். கப்பலில் இரண்டு தொல்லை கூடுதலாக இருக்கிறது. ஒன்று கடிகாரம். கிழக்கே போகும்போது நேரத்தை முன்னே தள்ளுவார்கள், நாள் ஒரு மணி நேரம் குறைந்துபோகும். மேற்கே போகும்போது அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான உடம்புகள் மேற்குப் பயணத்தைத்தான் சுலபமாக ஏற்கும். கிழக்கே போகிற நாட்களில், மாலைக்குப் பிறகு காப்பியை விட்டுவிடுங்கள். இன்னொன்று ஆட்டம். கப்பல் பக்கவாட்டில் உருளும்போது உடம்பு விழாமலிருக்கத் தசைகள் ராத்திரி முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கும், காலையில் அடித்துப்போட்டதுபோல் எழுந்திருப்பீர்கள். கேபினில் இருக்கிற லைஃப் ஜாக்கெட்டை மெத்தையின் வெளிப்பக்க விளிம்புக்கு அடியில் செருகுங்கள். மெத்தை சுவர்ப் பக்கம் சாய்ந்து ஒரு பள்ளம்போல் ஆகிவிடும், அதில் முதுகைப் பொருத்திப் படுத்தால் உருள மாட்டீர்கள். பழைய மாலுமிகள் எல்லாரும் செய்வது. ஆபத்து வந்தால் ஜாக்கெட்டைச் சட்டென்று உருவி எடுக்க வருகிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாந்தி போய்விட்டது, நல்லது. துறைமுகத்தில் நீண்ட நாள் நின்றுவிட்டுக் கிளம்பினால் மறுபடி எட்டிப் பார்க்கும், பயந்துவிடாதீர்கள். கண் பார்ப்பதும் உட்காது உணர்வதும் ஒத்துப்போகாததால் வருவது அது. எஞ்சின் அறையில் அடிவானம் தெரியாது, எண்ணெய் வாடையும் சூடும் வேறு. வயிற்றைக் காலியாக விடாமல் உலர்ந்த பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள், இஞ்சியும் பலருக்குக் கேட்கிறது. கடல் வாந்திக்கான மாத்திரைகள் பல தூக்கத்தை வரவழைக்கும், ஆகவே மருந்துக்குப் பொறுப்பான அதிகாரியைக் கேட்காமல் போட்டுக்கொண்டு இயந்திரத்துக்கு நடுவில் போய் நிற்காதீர்கள். எஞ்சின் அறை 40 டிகிரியைத் தாண்டும் இடம், தண்ணீரும் உப்பும் சேர்த்துக் குடியுங்கள்.

இனி, உங்களை உள்ளுக்குள் அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் 'என்னைவிட எட்டு வயது இளையவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கத்தியதைவிட அந்த எட்டு வயதுதான் அதிகமாக வலிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாயான் லெப்பாஸில் ஒரு லைன் நின்றால் உங்களைத் தேடி வருவார்கள். நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அது ஓடும். அந்த இடத்தை விட்டுவிட்டு வந்து, 35 வயதில், வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். வேலை மாறிய எல்லாருக்கும் இந்த வலி உண்டு. கப்பலில் கொஞ்சம் அதிகம். ஏனென்றால் இங்கே வயதுக்கு எடை கிடையாது, தோள்பட்டையில் இருக்கிற பட்டைக்குத்தான். தினமும் அதே ஆளோடு வேலை, அதே மெஸ்ஸில் சாப்பாடு. ஐந்து மணிக்கு ஃபேக்டரி பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டியதும் மனம் லேசாகுமே, அந்தப் பாலம் இங்கே இல்லை.

செகண்டின் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். எஞ்சின் அறை ஓடும்போது அங்கே சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும், காதில் மஃப் இருக்கும், யார் பேசினாலும் அது கத்தல்தான். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிற நேரத்தில் மின்சாரம் போனால், அவசர ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் பிடிக்க வேண்டும் என்பது விதி. அந்த 45 விநாடி கப்பல் யார் சொல்லையும் கேட்காது. தொழிற்சாலையில் மெஷின் மடக்கிக்கொண்டால் விற்றவனைக் கூப்பிடுவீர்கள், மறுநாள் ஆள் வருவான். நடுக்கடலில் யாரும் வரமாட்டார்கள் என்ற நினைப்பு 27 வயதுப் பையனின் தலையில் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே வேலை நடக்கும்போது வருகிற கத்தலை அங்கேயே விட்டுவிடுங்கள். வேலை முடிந்து, கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கும்போதும், மெஸ்ஸிலும் உங்களை மட்டம் தட்டினால் அது வேறு. உங்கள் இனம், ஊர், நிறம், குடும்பம் பற்றி ஒரு வார்த்தை வந்தால் அது முழுக்க வேறு. மட்டம் தட்டுவதற்கு, தனியாக இருக்கும்போது செகண்டிடம் நேராகச் சொல்லுங்கள்: "செகண்ட், தப்பு செய்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். எல்லார் முன்னாலும் வேண்டாம்." குரலை உயர்த்தாமல், பல்லைக் கடிக்காமல். பாதிப் பேர் அதோடு மாறிவிடுவார்கள். இனம், ஊர், நிறம், குடும்பம் பற்றிய பேச்சு என்றால் தேதியும் நேரமும் வார்த்தையும் அந்த நோட்டில் ஏறட்டும், சீஃபிடம் போங்கள். அதையும் சகித்துக்கொள்ளச் சொல்லி நான் உங்களுக்கு எழுதமாட்டேன்.

மரியாதை திரும்பக் கிடைக்கிற வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. வரைபடம் படிப்பது, இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி கருவி, பூட்டுப் போட்டு அட்டை மாட்டும் ஒழுங்கு, பழுதைத் தேடுகிற பொறுமை எல்லாம் உங்களோடு கப்பலேறி வந்திருக்கிறது. வராத ஒன்றைச் சொல்கிறேன். கரையில் நியூட்ரல் பூமியோடு இணைந்திருக்கும், ஒரு ஃபேஸ் உலோகத்தைத் தொட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். கப்பலின் 440 வோல்ட் சப்ளை பெரும்பாலும் கப்பல் உடலோடு இணைக்கப்படாமல் தனித்து நிற்கும். முதல் எர்த் ஃபால்ட், அதாவது கப்பல் உடலுக்கு மின்கசிவு, வந்தால் எதுவும் நிற்காது, அலாரம் மட்டும் வரும். ஒரு சின்னக் கசிவுக்காக நடுக்கடலில் ஸ்டீயரிங் மோட்டார் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் அதைச் சரிசெய்யாமல் இருக்கும்போது இன்னொரு ஃபேஸில் இரண்டாவது ஃபால்ட் வந்தால் ஷார்ட் சர்க்யூட்தான். அதனால் முதல் அலாரத்தையே விரட்டிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துப் பார்த்து, மின்காப்பை அளக்கும் மெகர் வைத்து அளந்து, டெக் விளக்கா, சமையலறை ஹீட்டரா, ஈரம் புகுந்த ஜங்ஷன் பாக்ஸா என்று கண்டுபிடிக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த பலர் 'ஓடுகிறதே' என்று விட்டுவிடுவார்கள். அடுத்த முறை அந்த அலாரம் வந்தால், உங்கள் இடிஓவிடம் நீங்களாகக் கேட்டு அந்த வேலையை வாங்குங்கள். அணைக்கும் முன்னால் செகண்டிடம் சொல்லிவிட்டு அணையுங்கள். பழுதின் இடத்தைக் கண்டுபிடித்து வந்து சொல்கிற அன்றைக்கு உங்கள் வயதை அந்தக் கப்பலில் யாரும் நினைக்கமாட்டார்கள், நீங்கள் உட்பட.

பயிற்சிப் பதிவேட்டை மறந்துவிடாதீர்கள். இடிஓ சான்றிதழுக்கு, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் இருப்பவர் பட்டறைப் பயிற்சியும் கடல் சேவையுமாகச் சேர்த்துக் குறைந்தது 12 மாதம் காட்ட வேண்டும். அதில் 6 மாதமாவது கடலில் இருந்திருக்க வேண்டும். உங்கள் காண்ட்ராக்ட் சரியாக ஆறு மாதம்! மாற்று ஆள் நாலு நாள் முன்னால் வந்துவிட்டால் கணக்கு குறைந்துபோகும், அந்த நாலு நாளுக்காக இன்னொரு கப்பல் தேட வேண்டிவரும். இப்போதே கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். செய்த வேலைக்கு அந்தந்த வாரமே பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். கடைசி வாரத்தில் சீஃபைத் துரத்தாதீர்கள். மார்ச்சில் நீங்கள் தொழிற்சாலைக்கே திரும்பினாலும், முழுமையான கடல் சேவை கையில் இருப்பது ஒரு சொத்து. ஏழாவது வாரத்தில் இறங்கினால் அது அரைகுறை.

மகளைப் பற்றி. நாலு வயதுக் குழந்தை கண்ணாடித் திரைக்குள் இருக்கிற அப்பாவோடு உட்கார்ந்து பேசாது. அவள் உங்களை மறக்கவில்லை, அந்த வயசு அப்படி. "அப்பாவப் பாக்க மாட்டியா கண்ணு?" என்று கேட்காதீர்கள். கேட்கக் கேட்க அவளுக்கு அந்த நேரமே ஒரு பாரமாகிவிடும். அதற்குப் பதிலாக இரண்டு நிமிடக் கதையொன்றைக் குரலில் பதிந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புங்கள். தூங்கப் போகும்போது அம்மா போட்டுக் காட்டட்டும். இன்றைக்குக் கப்பல் மேல் வந்து உட்கார்ந்த பறவை, சமையல்காரர் சுட்ட ரொட்டி, எதுவாகவும் இருக்கலாம். ஒரே கதையை நாற்பது தடவை கேட்பாள். நேரடியாகப் பேச முடியாத வாரத்திலும் உங்கள் குரல் அந்த வீட்டில் இருக்கும்.

மனைவியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஏழு வாரமாக அவர் தனியாகப் பிள்ளையையும் வீட்டையும் பார்க்கிறார், பள்ளி வேன் முதல் தண்ணீர் பில் வரை. வாரம் ஒரு கால் அவருக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள், மகள் தூங்கிய பிறகு. முதல் பத்து நிமிடம் அவர் பேசட்டும். புயலைப் பற்றியெல்லாம் விவரித்து அவரைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டாம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மூடி மறைக்கவும் வேண்டாம், மனைவிமாருக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். கப்பல் பெயர், கப்பலின் அடையாளமான ஏழு இலக்க ஐஎம்ஓ எண், கம்பெனியில் மாலுமிகளைக் கவனிக்கிறவரின் தொலைபேசி எண், ஒப்பந்தத்தின் நகல், இந்த நாலும் அவர் கையில் இருக்க வேண்டும். கைப்பேசி வரைபடத்தில் கப்பலைத் தேடிப் பார்ப்பாராயிருக்கும். கரையை விட்டு விலகியதும் அதில் கப்பல் காணாமல் போகும், கரையிலுள்ள கருவிகளுக்குச் சிக்னல் எட்டாது, அவ்வளவுதான். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பயந்து போய்விடுவார். முடிந்த அளவுக்காவது கப்பல் உரிமையாளர் கப்பலில் இணைய வசதி தர வேண்டும் என்று எம்எல்சி திருத்தத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. 2024 டிசம்பர் 23 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கப்பலில் இணையம் இருந்தும் உங்களைப் போன்ற பயிற்சியாளருக்கு மட்டும் மறுத்தால் கேட்கலாம்.

சொந்தக்காரர்கள் பேசுவார்கள். 'பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுக் கடலுக்கா?' என்று. ரஜூலா, சிதம்பரம் என்ற பயணிகள் கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்து இறங்கிய குடும்பங்கள் நாம். கடலைக் கடந்த கதை நம் வீடுகளில் நிறைய இருக்கிறது, கடலிலேயே வேலை பார்த்த கதை குறைவு. அதனால் அந்தப் பேச்சு வரும். அதற்கு நீங்கள் கப்பலிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

தமிழ் பேச ஆளில்லாத தனிமை எனக்கு நன்றாகத் தெரியும். கனவில் மட்டும் தமிழ் கேட்கிற நாட்கள் உண்டு. அதற்காகக் கேபின் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். புதியவர்கள் நொந்துபோவது அங்கேதான். சாப்பாட்டை எப்போதும் மெஸ்ஸில் சாப்பிடுங்கள், தட்டைக் கேபினுக்கு எடுத்துப் போகாதீர்கள். தீபாவளியைக் கடலில் கழிக்கப் போகிறீர்கள், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறவும் முடியாது. முதல் வருஷம் அது கொஞ்சம் அடிக்கும். சமையல்காரரிடம் இப்போதே பேசிவையுங்கள். பாலும் சீனியும் சேமியாவும் ஸ்டோரில் இருந்தால் ஒரு பாயாசம் ஆகிவிடும், அதிலும் பாதியை எஞ்சின் அறைக்குக் கொண்டுபோங்கள். பிலிப்பினோக்காரர்கள் கிறிஸ்துமஸை விட்டு வந்திருக்கிறார்கள், சீனர்கள் பெருநாளை விட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் முறை வரும்போது நீங்களும் போய் உட்காருங்கள்.

பணம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. பல காண்ட்ராக்டுகளில் கப்பலில் இருக்கிற மாதங்களுக்குத்தான் சம்பளம் வரும், வீட்டில் இருக்கிற மாதங்களுக்கு ஒன்றும் வராது. கப்பலில் ஆறு மாதம், வீட்டில் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டு, ஆறு மாதச் சம்பளத்தை ஒன்பது மாதத்துக்குப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதைத் தொழிற்சாலைச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். ஓவர்டைம், போனஸ், முதலாளி கட்டிய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எல்லாவற்றையும் அந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கம்பெனி இபிஎஃப் கட்டாவிட்டால் நீங்களே சுயமாகக் கட்டலாம். அதைக் கட்டிய பிறகு மிச்சம் என்ன என்பதுதான் உண்மையான கணக்கு. பயிற்சிக் காலத்துச் சம்பளத்தை வைத்து மட்டும் பார்க்காமல், இடிஓ ஆன பிறகு வரும் சம்பளத்தை வைத்தும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கப்பல் வேலை வாங்கித் தந்ததற்காக ஏஜெண்ட் யாராவது உங்களிடம் கமிஷன் பிடித்திருந்தால், அது எம்எல்சிக்கு விரோதம். மருத்துவச் சான்றிதழ், சீமேன் புக், பாஸ்போர்ட் மாதிரியான செலவுகள் உங்களுடையவை, வேலைக்கான கமிஷன் உங்களுடையதல்ல.

'சில ராத்திரி, எதற்காக இதெல்லாம் என்று இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கமில்லாத ஏழு வாரத்துக்குப் பிறகு யாருக்கும் அப்படி இருக்கும். ஆனாலும் நேராகவே கேட்கிறேன்: அந்த நினைப்பு எப்போதாவது உயிரை விட்டுவிடலாம் என்ற பக்கம் திரும்புகிறதா? திரும்பினால் காலை வரை காத்திருக்காமல், எந்த நேரமானாலும் கேப்டன் கதவையோ, நீங்கள் நம்புகிற வேறொருவர் கதவையோ தட்டுங்கள். தனியாக டெக்குக்குப் போகாதீர்கள். கரையிலிருந்து டாக்டரின் ஆலோசனையை 24 மணி நேரமும் இலவசமாகப் பெறும் ஏற்பாடு கப்பல்களுக்கு உண்டு, அது கால் முறிவுக்கு மட்டுமானதல்ல. மாலுமிகளுக்கென்றே ஐஸ்வான் அமைப்பு நடத்தும் சீஃபேரர்ஹெல்ப் உதவி மையமும் இரவு பகலாக, இலவசமாக, பல மொழிகளில் இயங்குகிறது. பேசியது கம்பெனிக்குப் போகாது. அப்படி ஒரு நினைப்பு இருந்தால் நான் மேலே சொன்ன பிப்ரவரிக் கணக்கெல்லாம் செல்லாது. முதல் துறைமுகத்திலேயே இறங்கி வாருங்கள்.

அப்படி இல்லையென்றால் இருங்கள். நடுவில் இறங்கியே ஆக வேண்டிய காரணம் வந்தால், ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். எம்எல்சி சொல்வது குறைந்தது 7 நாள், குடும்பத்தில் அவசரம் என்றால் அதைக் குறைக்க இடமுண்டு. காரணமில்லாமல் ஒப்பந்தத்தை முறித்தால் விமானச் செலவு உங்கள் தலையில் விழலாம் என்பதையும் அதிலேயே பாருங்கள்.

மேலாளருக்கு இந்த வாரமே ஒரு செய்தி அனுப்புங்கள்: மார்ச் 15க்குள் பதில் சொல்கிறேன் என்று. அவரும் காத்திருப்பதற்கு ஒரு தேதி வேண்டுமே. நோட்டை இன்றிரவே ஆரம்பியுங்கள். சீஃபிடம் பேசிய பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவர் தட்டிக்கழித்திருந்தால், கரையிலுள்ள பொறுப்பாளருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம்.